கேட்டுக்கொண்டிருந்தவன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்த பொன்மணியின் வலது காலைச் சௌந்தரபாண்டியன் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். வேப்பெண்ணெயை விரலில் தொட்டுப் பித்தவெடிப்பில் வைத்தான். அவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர்களுக்குக் கல்யாணமாகி, பிறந்த பையனும் திருநெல்வேலி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற வயதுக்கு வந்துவிட்டான். இத்தனை வருசத்தில் அவன் அவள் காலைத் தொட்டதில்லை.

"என்ன புதுசா இருக்கு? யாராவது பார்த்தாச் சிரிப்பாவ."

"சிரிக்கட்டும். எப்படி வெடிச்சுக் கெடக்கு பாரு. நடக்கையில வலிக்கலையாட்டி?"

"வலிக்கத்தான் செய்யுது" என்றாள். பிறகு காலை அவன் மடியிலேயே விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தில் மெல்ல நிம்மதி பரவியதும் அவன் பார்வையை எண்ணெய்ப் புட்டிக்குத் திருப்பிக்கொண்டான். அவள் கால் வலிக்காக அவன் எண்ணெயை எடுக்கவில்லை. அவள் பேச வேண்டும். பழையபடி பேச ஆரம்பித்தால் ஒரு கதை கிடைக்கும். அதற்காக எடுத்தான்.

அவன் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். வருகிற பஸ், போகிற பஸ், தாமதமாய் வந்த பஸ், டிரைவர் கண்டக்டர் சண்டை என்று பகல் முழுக்க ஆள் கூட்டத்துக்கு நடுவில் கம்பி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்திருப்பான். மிச்ச நேரத்தில் கதை எழுதுவான். சின்னப் பத்திரிகைகளில் ஆரம்பித்து, வாரப் பத்திரிகையில் வந்து, சென்னையிலிருந்து ஒரு தொகுப்பும் வெளியாகியிருந்தது. அவன் கதைகளில் பெண்கள் பேசும் பேச்சைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். சௌந்தரபாண்டியனுக்கு நல்ல காது, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஊரையே கேட்கிறார் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார். அவனும் அதை நம்பிக்கொண்டிருந்தான்.

பொன்மணி தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை பார்த்தாள். நீளமான கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து, கை குச்சியை அள்ளிப் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருக்க, வாய் பேசிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சையெல்லாம் அவள் அடுப்படியில் கொட்டுவாள். மேனேஜர் மாதிரி இருமுவாள், கிழவி மாதிரி முனகுவாள், புதுப்பெண் மாதிரி வெட்கப்படுவாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து பீடி குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். அப்போது அது வெறும் வீட்டுப் பேச்சு. எழுதும்போது கதையில் வரும் பேச்சு எங்கிருந்தோ தானாக வருவதாக நினைத்தான்.

தொண்ணூற்றேழில் அந்த ஆபீசில் தீப்பிடித்தது. மருந்தில் முக்கி எடுத்த குச்சிகளைக் காயப்போட்டிருந்த அறையில் பற்றிய தீ, பக்கத்துக் கொட்டகைக்கும் வந்துவிட்டது. பொன்மணிக்கு அடுத்து உட்கார்ந்து வேலை பார்த்த சந்தனமாரி தப்பவில்லை. பொன்மணிக்கு முழங்கையில் ஒரு தழும்போடு போயிற்று. கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வேறொரு ஆபீசில் சேர்ந்தாள். ஆனால் அதற்குப் பிறகு வேலையிடத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சோறு போடட்டுமா, தண்ணி வந்துதா, பையன் போன் பண்ணுனானா, அவ்வளவுதான்.

அவனுடைய எழுத்தும் நின்றுபோனது. இரண்டையும் அவன் சேர்த்துப் பார்க்கவில்லை. டியூட்டி மாறி மாறி வருவதால் என்றான். வெயில் என்றான். தெருவெல்லாம் கேபிள் டிவி வந்துவிட்டது, மண்டைக்குள் அமைதி இல்லை என்றான். புதுப் பேனா வாங்கினான். விடியற்காலை எழுந்து கதிரேசன் மலைக்கு நடந்துபோய்ப் படியில் உட்கார்ந்து, கீழே காய்ந்து பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும் கரிசலைப் பார்த்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆட்களை உற்றுப் பார்த்து எழுதிப் பார்த்தான். அந்த ஆட்களுக்குச் சட்டையும் செருப்பும் சரியாக இருந்தன. வாயைத் திறந்தால் எல்லோரும் டைம்கீப்பர் மாதிரியே பேசினார்கள். கிழித்துப் போட்டான்.

எல்.ஐ.சி. ஆபீசில் வேலை பார்க்கும் நந்தகோபால்தான் அதைச் சொன்னான். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதம். எழுதமாட்டான், ஆனால் எல்லாவற்றையும் படிப்பான். டீக்கடையில் கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான்.

"தப்பா நெனைக்காதடே. ஒன் பழைய கதையெல்லாம் திருப்பிப் படிச்சேன். அதுல பேசுதது நீ இல்ல. ஒன் வீட்டுக்காரம்மா. அவியட்ட நான் ரெண்டு வார்த்த பேசியிருக்கேன்லா, அதே இழுப்பு. அவிய என்ன, இப்பம் பேசுததே இல்லையா?"

சௌந்தரபாண்டியனுக்கு முதலில் வந்தது சந்தோசம். எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் மற்றது உறைத்தது. வீட்டில் ஒருத்தி இரண்டு வருசமாய் வாயடைத்துப் போயிருக்கிறாள். அவள் மனசுக்குள் என்ன கிடக்கிறது என்று அவன் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. தன் எழுத்து நின்றதற்குக் காரணம் தேடிப் போகிற வழியில்தான் அவளுடைய மௌனமே அவன் கண்ணில் பட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே அந்த ஞாயிற்றுக்கிழமை வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுத்தான்.

அதன் பிறகு தண்ணீர் பிடித்து வைத்தான். வெங்காயம் உரித்துக் கொடுத்தான். அவள் வேலையிலிருந்து வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்கும்படி டியூட்டியை மாற்றிக்கொண்டான். பொன்மணி முதலில் சந்தேகமாய்ப் பார்த்தாள், பிறகு பழகிக்கொண்டாள். ஒருநாள் புது மேனேஜர் மூக்குப்பொடி போடுகிற விதத்தை ஒரே ஒரு தடவை செய்து காட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு நிஜம். அடுத்த நொடியே, இதை எங்கே சேர்க்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது. அதுவும் நிஜம். இரண்டையும் பிரித்து எடுக்க அவனால் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள், "எங்க வீட்டுல அவிய இப்ப எவ்வளவோ மாறிட்டாவ" என்று சொன்னது சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டது. அன்று அவன் சாப்பிடாமல் டியூட்டிக்குப் போனான்.

ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு விடுமுறை நாளில், ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் டிரங்குப் பெட்டியிலிருந்த துணிகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து இரண்டு செட்டுப் பாவாடை சட்டை வந்தது. பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை போடுகிற அளவு. அவர்களுக்குப் பெண் பிள்ளை கிடையாது.

"இது யாருது?" என்றான்.

அவள் அந்தச் சட்டையை மடியில் வைத்து நீவினாள். நெடுநேரம் நீவினாள். இந்த மாதிரி நேரத்தில் கேட்கக் கூடாது, பக்கத்தில் இருந்தால் போதும் என்று அவனுக்குத் தெரியும். எழுதுகிறவனுக்குத் தெரிகிற தந்திரம் அது.

"சந்தனமாரி மகளுக்குள்ளது" என்றாள். "அன்னைக்கு அவ நல்ல சேலை கட்டி வந்தா. என்னட்டி, எங்கயும் கல்யாணமான்னு கேட்டேன். சிரிச்சா. பொறவு பெட்டி அடைச்சுக்கிட்டே என் காதுக்குள்ள சொன்னா. அரைநேரம் லீவு சொல்லிட்டுப் போறேங்கா, பள்ளிக்கூடத்துல போயிப் புள்ளையக் கூட்டிக்கிட்டு ரெண்டு மணி திருப்பூர் பஸ்ஸுல போயிருவேன், எங்க ரெண்டு பேரையும் வச்சுக் காப்பாத்துதேன்னு சொன்ன மில்லுக்காரர் பஸ் ஸ்டாண்டுல நிப்பாருன்னா. புருசன் அடிச்சு அவ முதுகுல கெடந்த தடிப்பெல்லாம் நான் பார்த்திருக்கேன். போகாதன்னு என்னால சொல்ல முடியல. நல்லாருட்டின்னு சொன்னேன். அதுக்குப் பொறவு அரைமணி நேரம் இருக்குமா, தீ பிடிச்சிட்டு."

காற்று ஜன்னல் கதவை ஆட்டிப் பார்த்தது.

"எல்லாரும் ஆசுபத்திரிக்கு ஓடுதாவ. நான் அவ ஒயர் கூடையத் தேடுனேன். சாப்பாட்டுத் தூக்குவாளிக்கு அடியில இந்தத் துணி இருந்துச்சு. எடுத்து என் மடியில சொருகிக்கிட்டு, தூக்குவாளிய மட்டும் கூடையில வச்சு அவ புருசன் கையில குடுத்தேன். அவன் அதத் தொறந்து பார்த்துட்டு, எம் பொண்டாட்டி ஒரு வாய் சோறுகூட திங்கலையேன்னு அழுதான். அவன் அழுததப் பார்த்து ஊரே அழுதுச்சு. எனக்கு மட்டும் அழுகை வரல."

அவள் துணிகளை மறுபடி சேலைக்கு அடியில் வைத்தாள்.

"இது எனக்கும் செத்தவளுக்கும் மட்டும் தெரியும். இப்ப ஒங்களுக்கு. அந்தப் புள்ள பெரிய மனுசியாகி அத்தைக்காரி வீட்டுல நிக்கி. ஓடிப்போக இருந்தவ மகன்னு ஒரு சொல்லு கிளம்பிட்டா அது வாழ்க்கை போச்சு. இத எழுதிர மாட்டீங்கள்லா?"

"சேச்சே. எழுத மாட்டேன்."

சொல்லும்போதே கதையின் முதல் வரி மனசுக்குள் வந்துவிட்டது. தீப்பிடித்த அன்று அவன் டியூட்டியில் இருந்தான். மத்தியானம் கிழக்கே கரும்புகை எழும்பியதும் அறையை விட்டு வெளியே வந்து, எல்லோரையும் போல நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். அந்தக் கூட்டத்தில் ஒருவன் பெட்டியோடு நின்றிருப்பான். மதுரை வழியாகப் போகிற பஸ்கள் நிற்கிற பக்கம் நின்று, புகையையும் பஸ்ஸையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்திருப்பான். திருப்பூர் பஸ் எப்போ கிளம்பும் என்று கம்பிக்கு வெளியே நின்று சௌந்தரபாண்டியனிடமே கேட்டிருக்கலாம். ஒரு முகமும் ஞாபகத்தில் இல்லை. ஊரையே கேட்கிற காது.

எழுதக் கூடாது என்று ஒரு வாரம் இருந்தான். நினைக்காமல் இருக்க முடியவில்லை. நினைப்பதும் எழுதுவதும் வேறுதானே என்று சொல்லிக்கொண்டான். பிறகு, எழுதுவதும் அச்சுக்கு அனுப்புவதும் வேறுதானே என்று சொல்லிக்கொண்டு, ஒரு பஸ் போய் மறு பஸ் வருவதற்குள் கிடைக்கிற இடைவெளியில் பஸ் நேரம் குறிக்கிற பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதினான். கை நிற்கவில்லை. இரண்டு வருசத்தில் அப்படி ஒரு சந்தோசம் அவனுக்கு இல்லை. பசி தெரியவில்லை. டிரைவர்கள் கேட்டதற்கெல்லாம் சிரித்துப் பதில் சொன்னான். வீட்டுக்குப் போகும் வழியில் மல்லிகைப்பூ வாங்கினான். அதை அவள் தலையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தபோது, திருடிய இடத்திலேயே போய் விருந்து சாப்பிடுகிறவன் மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் மாற்றினான். கோவில்பட்டி புதியம்புத்தூர் ஆனது. தீப்பெட்டி ஆபீஸ் ரெடிமேட் தைக்கிற கம்பெனி ஆனது. தீ போய், மெஷினில் கரண்ட் அடித்துச் சாவு வந்தது. மில்லுக்காரர் லாரி டிரைவர் ஆனார். ஒயர் கூடையையும் மாற்றிப் பார்த்தான். துணிப்பை என்று போட்டான். பாவாடை சட்டையை எடுத்துவிட்டு ஒரு பொம்மையை வைத்தான். வைத்ததும் கதை படுத்துவிட்டது. சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் ஒரு பிள்ளையின் துணி இருந்தால்தான் அது எழுந்து நடந்தது. கூடையையும் துணியையும் திரும்ப உள்ளே வைத்தான். நல்ல சேலையையும் வைத்தான். அனுப்பினான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கதை வந்தது. பத்திரிகையிலிருந்து பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணி, படித்துவிட்டு ஆபீசே பேசாமல் இருந்தது என்று சொன்னார்கள். பத்திரிகையை டைம்கீப்பர் அறையிலிருந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினான். எந்தக் கதை வந்தாலும் முதலில் பொன்மணிக்குத்தான் வாசித்துக் காட்டுவான். இதை வாசிக்கவில்லை. நந்தகோபால் வந்து, "அந்தக் கூடைடே. அத ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டபோது, "கற்பனைதான்" என்றான். நந்தகோபால் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனான்.

அதே வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே பொன்மணி வேலையிலிருந்து வந்தாள். முகம் கழுவவில்லை. ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு கதை சொன்னாவ" என்று ஆரம்பித்தாள்.

பழைய பொன்மணியின் குரல். கை ஆடியது, கண் ஆடியது. "நம்ம ராதாமணி இருக்காள்லா, வாரப் பத்திரிகை ஒண்ணு விடாமப் படிப்பா. படிச்சத எங்களுக்குச் சொல்லுவா. யாரு எழுதுனதுன்னு பேர மட்டும் பார்க்க மாட்டா. இன்னைக்கு, ஏட்டி எல்லாரும் கேளுங்க, ஒரு கதை வந்திருக்கு, படிச்சிட்டு எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சுன்னா. புதியம்புத்தூர்ல ஒருத்தி தையல் கம்பெனிக்குப் போறாளாம். நல்ல சேலை கட்டிக்கிட்டுப் போறாளாம்." ராதாமணி எந்த இடத்தில் மூச்சு விட்டாள், எந்த இடத்தில் மூக்கைச் சிந்தினாள் என்பது வரை செய்து காட்டினாள். "ஒயர் கூடைக்குள்ள புள்ளத் துணின்னு சொன்னா பாருங்க, கொட்டகையில ஒரு கை அசையல. அத்தன பேரும் அழுதாளுவ. வெயிலுகந்தம்மாவும் அழுதா. அவ யாருன்னு தெரியும்லா? சந்தனமாரிக்கு நாத்தனா. அந்தப் புள்ளைய வளக்குதவ. எங்ககூடத்தான் பெட்டி அடைக்கா."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் நிறுத்தவில்லை.

"அழுது முடிச்சிட்டு அவ சொன்னா, எங்க மதினியும் அன்னைக்கு நல்ல சேலைதான் கட்டிருந்தான்னு. சொல்லிட்டு என்னயப் பார்த்தா. நீதான பக்கத்துல இருந்த, எதுக்குக்கா அவ நல்ல சேலை கட்டிருந்தான்னு கேட்டா. எட்டயபுரத்துல ஒரு சடங்கு வீடு, நாங்க ரெண்டு பேரும் போறதா இருந்துச்சுன்னு சொன்னேன். நானும் அன்னைக்கு நல்ல சேலைதான் கட்டிருந்தேன், தீயில ஓட்டை விழுந்து போச்சுன்னு சொன்னேன். கூசாமச் சொன்னேன்."

"நம்புனாளா?"

"தெரியல. குச்சிய அள்ளுனா. என்னயப் பார்த்துக்கிட்டே அள்ளுனா."

இடுப்பிலிருந்து சுருட்டிய பத்திரிகையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "வெயிலுகந்தம்மா படிக்கணும்னு ராதாமணிட்ட கேட்டா. நான் முந்திக்கிட்டு வாங்கியாந்துட்டேன். கடைக்குக் கடை தொங்குது, நான் ஒண்ண வாங்கி என்ன செய்ய. படிங்க. எப்பமும் நீங்கதான எனக்குப் படிச்சுக் காட்டுவீங்க."

"பொன்மணி..."

"படிங்க."

படித்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கூடை வந்த இடத்தில் அவளிடம் ஓர் அசைவும் இல்லை. கடைசிப் பக்கத்தில், சேதி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அந்த ஆள் ஒவ்வொரு பஸ்ஸாக விட்டுவிட்டு, டீ வாங்கி, குடிக்காமல் ஆறவிட்டு, பிள்ளைக்கு என்று வாங்கிய பன்ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை நிற்கிற இடம் வந்தபோது அவள் திரும்பினாள்.

"அவரு அங்கன நின்னாரா? நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல. நான் பார்க்கல. அது நானா எழுதுனது."

"நின்னிருப்பாரு" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தீப்பிடித்த நாளிலிருந்து சந்தனமாரிக்காக அவள் அழுது அவன் பார்த்ததில்லை. இப்போது தோள் குலுங்க அழுதாள். அவன் கையை நீட்டினான். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அதான் பயமா இருக்கு. அன்னைக்கு எங் காலுக்கு எண்ணெ தேச்சீங்களே, அது இதுக்கா?"

இல்லை என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். முதலில் இதற்குத்தான், பிறகு இதற்கு மட்டும் இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கினான். வாக்கியம் நன்றாக அமைந்தது. நன்றாக அமைந்ததாலேயே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டான். அவள் அவன் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கிய பத்திரிகைகளையெல்லாம் வாங்கினான். "அண்ணாச்சி கதை வந்திருக்கோ, ஆளுக்கு ஒண்ணு குடுக்கப் போறீங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார். எட்டயபுரம் ரோட்டுக் கடைகளிலும் மாதாங்கோவில் தெருக் கடைகளிலும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த வாரம் புது இதழ் வந்து பழையதை மறைத்தது. வெயிலுகந்தம்மாள் படித்தாளா, படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாளா என்று தெரியவில்லை. பொன்மணி சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. பொங்கல் மலருக்கு ஒரு கதை வேண்டும் என்று பூத்துக்குப் போன் வந்தது. பார்க்கிறேன் என்றான்.

கார்த்திகையில் ஒருநாள், ரொம்ப நாளைக்கப்புறம் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. காலையிலேயே குடங்கள் வரிசையாக வளைந்து நின்றன. சௌந்தரபாண்டியன் வீட்டிலிருந்து இரண்டு காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு நடந்தான். தெருமுனை திரும்புவதற்கு முன்பே பேச்சுச் சத்தம் கேட்டது. நடுவில் பொன்மணியின் குரல். யாரோ ஒரு மாமியாரைப் போல மூக்கால் பேசிக்கொண்டிருந்தாள். பெண்கள் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் சொல்லுக்கா என்று ஒருத்தி கேட்டாள். அவன் நடை தானாகவே மெதுவானது. சுவரோரமாக நின்று கேட்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. தனக்கு வந்த நினைப்பு என்னவென்று தெரிந்ததும், குடங்கள் இடித்துச் சத்தம் எழும்படி கையை வீசித் தெருமுனையில் திரும்பினான்.

பொன்மணி அவனைப் பார்த்தாள். பேச்சை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, குனிந்து தன் குடத்தைச் சரியாக நகர்த்தி வைத்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். ஒருத்தி ஒதுங்கி அவனுக்கு வழி விட்டாள். குடத்துக்குள் விழுகிற தண்ணீரின் சத்தம் மட்டும் அடியிலிருந்து மேலே மேலே ஏறி, மெலிந்து, கழுத்துக்கு வந்தது.